துடைப்பம் பிடித்த கையும், ஒரு சாவியும்!

அமெரிக்கா என்றதும் நம் கண்முன் நிற்பது என்ன? விண்முட்டும் மாளிகைகள்! வீதியெல்லாம் மோட்டார்கள்! வற்றாத செல்வம்! ஆனால், தோழர்களே, அந்த நாட்டிலும் மரம் அறுப்பவன் இருக்கிறான். தரை துடைப்பவன் இருக்கிறான். கடன்காரனுக்கு அஞ்சிக் கதவைச் சாத்திக்கொள்பவன் இருக்கிறான். அவர்களுடைய வாழ்வைக் கதையாக்கியவர் ரேமண்ட் கார்வர். எட்ட நின்று பார்த்து எழுதியவரல்லர்; அவர்களில் ஒருவராய் வாழ்ந்து எழுதியவர்.

1938ஆம் ஆண்டு ஆரிகன் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலே பிறந்தார். வளர்ந்தது வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமா நகரில். தந்தை, மர அறுவை ஆலையிலே ரம்பப் பற்களை அரத்தால் ராவிக் கூரேற்றும் தொழிலாளி. உழைப்பாளி, குடிக்கு அடிமைப்பட்டவருங்கூட. 1956இல் பள்ளிப் படிப்பு முடிந்ததும் மகனும் ஆலை வேலைக்கே போனார். மறு ஆண்டு திருமணம். மணமகனுக்கு வயது 19, மணமகள் மேரியனுக்கு 16! இருபது வயதிலே இரண்டு குழந்தைகளுக்குத் தந்தை!

பிறகு அவர் பார்க்காத வேலை எது? பெட்ரோல் கடையிலே நின்றார். சாமான்களை வீடு வீடாய்க் கொண்டு சேர்த்தார். சரக்கறையிலே எடுபிடி வேலை செய்தார். கூலிக்குத் துலிப் மலர் பறித்தார். இத்தனைக்கும் நடுவே, எழுதவேண்டும் என்ற ஆசை மட்டும் அணையவில்லை.

“எழுத்து பிறவியிலே வரவேண்டும், அதைச் சொல்லிக் கொடுக்க முடியுமா?” என்று கேட்போர் உண்டு. கார்வருக்குச் சொல்லிக் கொடுத்தார் ஒருவர். 1959இல் கலிபோர்னியாவில் சிக்கோ என்னும் ஊர்க் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஜான் கார்ட்னர். அன்று அவர் பெயரில் ஒரு நாவல்கூட அச்சேறவில்லை. ஆயினும் மாணவனின் கதையை வரிவரியாகப் பார்ப்பார், காற்புள்ளியைக்கூட விடமாட்டார். இருபத்தைந்து சொல்லில் சொன்னதைப் பதினைந்தில் சொல் என்பார். மக்கள் பேசும் சொல்லையே எழுது என்பார். ரம்பத்தின் ஒவ்வொரு பல்லையும் தொட்டுப் பார்த்து ராவுகிற தொழிலாளியின் வேலையல்லவா அது!

அதைவிடப் பெரிய உதவி ஒன்றும் செய்தார். குழந்தைகள் அழும் வீட்டிலே எழுத இடமில்லை என்று அறிந்து, வார இறுதியில் தன் அலுவலக அறையில் அமர்ந்து எழுத, அறைச் சாவியையே கையில் கொடுத்தார்! ஒரு மேசை, ஒரு நாற்காலி, சாத்திக்கொள்ள ஒரு கதவு. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு பொருட்டா? ஏழைக்கு அதுவே பெருஞ்செல்வம்!

ஆனால் சாவி கிடைத்ததும் வறுமை விலகிவிடவில்லை. 1960களின் நடுவே சாக்ரமென்டோ நகர மருத்துவமனை ஒன்றில் இரவு ஷிப்டில் தரை துடைத்தார். வீட்டிலே இடமில்லாதபோது காருக்குள் அமர்ந்து, மடிமேல் தாளை வைத்து எழுதினார். பெரிய நாவல் எழுதவில்லையே ஏன் என்று கேட்டவர்களுக்கு அவர் தந்த விடை இதுதான்: இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு, சலவை நிலையத்திலே துணி உலரக் காத்துக் கிடப்பவனுக்கு, ஆண்டுக்கணக்கில் எழுத நேரம் ஏது? ஒரே மூச்சில் முடிக்கக்கூடிய சிறுகதையும் கவிதையுமே அவனுக்கு வாய்த்தவை. அவருடைய கதைகளின் அளவைக்கூட, வேலை விட்டுவைத்த நேரமே வகுத்தது!

1967ஆம் ஆண்டைப் பாருங்கள். கடன் கழுத்தை நெரிக்க, திவால் மனு கொடுத்தார். தந்தையும் மாண்டார். அதே ஆண்டில்தான், நாட்டின் சிறந்த சிறுகதைகளைத் திரட்டும் தொகுப்பிலே அவர் கதை இடம் பெற்றது! பின்னர் பாடநூல் பதிப்பகத்தில் வேலை. கல்லூரிகளில் ஆசிரியர் பணி. ஆனால் தந்தையைப் பிடித்த குடி, மகனையும் பிடித்தது. 1973இல் அயோவா பல்கலைக்கழகத்தில் எழுத்துக்கலை கற்பிக்கச் சென்றவர், குடித்ததே மிகுதி. பின்னர் பலமுறை மருத்துவமனை வாசம். 1977 ஜூன் 2ஆம் நாள் குடியை விட்டார், மீண்டும் தொடவில்லை.

இன்னொரு கணக்கையும் மறைக்கலாகாது. கணவன் எழுத, மேரியன் உணவு விடுதியிலே பரிமாறினார். வீடு வீடாய்ப் புத்தகம் விற்றார். தன் படிப்பைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட்டார். அந்தத் திருமணம் நிலைக்கவில்லை. கார்வருக்குக் கிடைத்த புகழிலே அந்த அம்மையாரின் கூலிப்பாக்கி இருக்கிறது!

1980இல் நியூயார்க் மாநிலத்து சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் கார்வர் பேராசிரியரானார். கார்ட்னர் தனக்குச் செய்ததை, இவர் மாணவருக்குச் செய்தார். ஜே மக்கினர்னி அவர்களில் ஒருவர். அவர் கதையில் ‘புவி’ என்ற பொருளிலே எழுதிய ஒரு சொல்லை, சாதாரணமாய்த் ‘தரை’ என்றே எழுது என்று நெடுநேரம் வாதாடினாராம்! ஆண்டுக்கணக்கில் தரை துடைத்தவருக்குத் தெரியாதா, தரைக்குத் தரை என்றே பெயர் என்பது?

1983இல் ஆண்டுக்கு 35,000 டாலர் வீதம் ஐந்தாண்டுக்கு ஓர் உதவித்தொகை வந்தது. வேறு சம்பள வேலை பார்க்கலாகாது என்பது அதன் விதி. முழுநேரமும் எழுத வழி பிறந்தது நாற்பத்தைந்தாம் வயதில்! 1988 ஆகஸ்டில், நுரையீரல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. அப்போது வயது ஐம்பதுதான்.

திறமை ஏழை வீட்டிலும் பிறக்கிறது, தோழர்களே! அதற்கு நேரமும் இடமும் தருவோர்தாம் குறைவு. நம்மிலே யாரிடமேனும் ஓர் அறையின் சாவி இருக்கக்கூடும். அந்தி வேளையிலே, கையில் தாளுடன் ஓர் இளைஞன் வாசலில் தயங்கி நிற்கக்கூடும்.

சாவியைக் கொடுங்கள்!