உப்புக் காற்றில் பேட்டரி வண்டி

கும்மிடிப்பூண்டி வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், பழவேற்காடு ஏரியை ஒட்டி இருக்கிறது சுண்ணாம்புக்குளம். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்த பெரிய ஏரி பழவேற்காடு. சமதரை, ஆரம்பாக்கத்துக்கோ கும்மிடிப்பூண்டிக்கோ போய்வரும் தூரமும் பெரிதல்ல. இறாலும் நண்டும் வெயில் ஏறுமுன் கைமாறியாக வேண்டும். உப்பை மட்டும் சமாளித்துவிட்டால், பேட்டரி வண்டிக்கு இப்படிப் பொருந்தும் ஊர்கள் குறைவு.

அந்த வண்டியின் உயிர் பேட்டரி, கன்ட்ரோலர், மோட்டார் என்ற மூன்றில் இருக்கிறது. லித்தியம் அயனி பேட்டரி தரும் மின்சாரத்தை, கன்ட்ரோலர் மோட்டாருக்குள் இருக்கும் செப்புச் சுருள்களுக்கு மாற்றி மாற்றி அனுப்புகிறது. மின்சாரம் பாயும் சுருள் காந்தமாகி, சுழலும் பகுதியில் பதித்த நிலைக்காந்தத்தை இழுக்கும். அது வந்து சேர்வதற்குள் அடுத்த சுருள் இழுக்கத் தொடங்கிவிடும். இந்த ஓயாத இழுப்பில்தான் சக்கரம் சுற்றுகிறது. பெட்ரோல் இன்ஜின் ஓரளவு வேகம் பிடித்த பிறகே தன் முழு இழுவையைக் காட்டும். மின்மோட்டார் நின்ற இடத்திலேயே காட்டிவிடும். பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு மணலில் வண்டியைக் கிளப்புகிறவருக்கு இதன் அருமை புரியும்.

செலவுக் கணக்கும் சாதகமானதே. சாதாரண மின் ஸ்கூட்டர் ஒரு கிலோமீட்டருக்கு 30 முதல் 40 வாட் மணி வரை எடுக்கிறது. நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓடினால் சுமார் ஒன்றரை யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் 12 ரூபாய்தான்; அதே தூரத்துக்குப் பெட்ரோல் ஸ்கூட்டர் ஒரு லிட்டரை நெருங்கிக் குடிக்கும். ஆனால் இரண்டு மாதத்தில் இது 90 யூனிட் ஆகிறது. வீட்டுக்கு அரசு தரும் 100 யூனிட் இலவச மின்சாரத்தை வண்டியே தின்றுவிட்டால், விளக்குக்கும் விசிறிக்கும் காசு கட்ட வேண்டிவரும். இதையும் சேர்த்துக் கணக்கிடுவதே நியாயம்.

இந்த வண்டிகளில் பல நம் மாநிலத்திலேயே உருவாகின்றன. கோவையில் 2008-இல் ஆம்பியர் தொடங்கியது. சென்னை ஐஐடியில் படித்த இருவர் 2013-இல் தொடங்கிய ஏத்தர் இன்று ஓசூரில் வண்டி செய்கிறது. டிவிஎஸ் ஐக்யூப் 2020-இல் வந்தது.

இனி உப்பு. ஏரிக்காற்றில் வரும் உப்புத் துகள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். செப்பு முனைகளில் களிம்பு பிடிக்கும். பிடித்த இடத்தில் மின்தடை கூடும். தடை கூடினால் சூடு, சூடு கூடினால் இணைப்பு கருகும். காற்றைவிடக் கெடுதல் செய்வது மீன் பெட்டியிலிருந்து சொட்டும் ஐஸ் தண்ணீர். அது பல வண்டிகளில் பின்சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் ஹப் மோட்டாரின் மேல் விழும். ஓடிச் சூடேறிய மோட்டார் திடீரென்று நீரில் இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, அச்சில் ஒயர் நுழையும் துளை வழியே நீரை உறிஞ்சிவிடும். ஆகவே பெட்டிக்குக் கீழே தட்டு வைத்து, நீரைக் குழாய் வழியே பக்கவாட்டில் இறக்கிவிட வேண்டும். தினமும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைப்பது போதும். பிரஷர் பம்பால் பீய்ச்சிக் கழுவக் கூடாது.

கடைக்காரர் ‘ஐபி 67’ என்பார். ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்று பொருள். அந்தச் சோதனை நடப்பது உப்பில்லாத நீரில். உப்புநீர் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். வடிந்து காய்ந்த பிறகும் உப்புப் படிவு உள்ளே தங்கி, ஈரம் பட்டதும் ஷார்ட் சர்க்யூட்டுக்கு வழி திறக்கும். 2022-இல் அமெரிக்காவின் புளோரிடாவை இயான் புயல் தாக்கியபோது, கடல்நீரில் மூழ்கிய மின்கார்கள் சில, வெள்ளம் வடிந்து பல நாள் கழித்துத் தீப்பிடித்தன.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலைப் பார்த்த கரை இது. எச்சரிக்கை வந்ததும் படகை மேட்டுக்கு ஏற்றுவதுபோல வண்டியையும் ஏற்றிவிட வேண்டும். கழற்றக்கூடிய பேட்டரியாக இருந்தால் அதையாவது உயரத்தில் வைக்கலாம். பேட்டரி வரை உப்புநீர் ஏறிவிட்டால் சார்ஜ் போடவே கூடாது. வீட்டுக்குள் வைக்காமல், குடிசையும் வலையும் இல்லாத திறந்த இடத்தில், 15 மீட்டராவது தள்ளி நிறுத்திவிட்டு, கம்பெனி மெக்கானிக்கை வரவழைத்துக் காட்ட வேண்டும்.