ஒரு சேவலும் ஒரு சாண் கம்பளி நூலும்

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்களில் மாசிச் சம்பலின் மணம் அறியாத அடுக்களை அரிது. அந்த மாசி, மாலத்தீவிலும் இலட்சத்தீவுகளில் ஒன்றான மினிக்காயிலும் சூரை மீனை அவித்து, புகையிட்டு, வெயிலில் காய வைத்துச் செய்யப்படுவது என்பதைப் பலரும் அறிவர். அந்தச் சூரை எவ்வாறு பிடிக்கப்படுகிறது என்பதை அறிந்தவர் சிலரே. மீன் கூட்டத்தைக் கண்டதும் படகிலிருந்து உயிருள்ள பொடி மீன்களை அள்ளி வீசுவார்கள். நீரை வாரித் தெளித்துக் கடற்பரப்பைக் கலக்குவார்கள். வெறி கொண்ட சூரைகள் எதிர்ப்பட்டதையெல்லாம் கவ்வத் தொடங்கும். அவ்வேளை கழியின் நுனியில் தொங்கும் தூண்டில் முள்ளில் இரை ஏதும் இருப்பதில்லை. முள்ளின் மினுமினுப்பையே மீன் இரையென்று எண்ணி ஏமாறுகிறது.

இதே ஏமாற்றை ஓடைகளிலும் ஆறுகளிலும் வாழும் மீன்களிடம் நடத்துவதற்காக மனிதன் கண்ட கைத்தொழிலே தூண்டில் ஈ கட்டுதல். நீரில் விழும் பூச்சி போலவோ, அடியில் ஊரும் புழு போலவோ, நீந்தும் மீன்குஞ்சு போலவோ தோன்றுமாறு முள்ளின் மீது இறகு, கம்பளி, முடி ஆகியவற்றை நூலால் சுற்றிக் கட்டுவதுதான் இது. ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன் ஏலியன் என்னும் உரோம எழுத்தாளர், மக்கதோனியர் முள்ளில் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, சேவலின் இறகு இரண்டை வைத்துக் கட்டி மீன் பிடித்ததைக் குறித்து வைத்துள்ளார். சேவலும் கம்பளியும் அன்று போலவே இன்றும் இத்தொழிலின் தலையாய பொருள்கள்.

பிழைப்பின் பொருட்டு பிரிட்டனிலும் நியூசிலாந்திலும் குடியேறியுள்ள நம் இளைஞர்கள் சிலர் அங்கே இக்கலையைக் கண்டு ஆர்வம் கொள்கின்றனர். நம் நாட்டிலும், ஆங்கிலேயர் கொண்டு வந்து விட்ட டிரவுட் மீன்கள் நீலகிரி நீரோடைகளிலும் காஷ்மீரத்து ஆறுகளிலும் வாழ்கின்றன; உரிய துறையின் அனுமதி பெற்றே அவற்றைப் பிடிக்க வேண்டும். அது வாய்க்காதவருக்கும், மழைநாளின் மாலைப் பொழுதில் பிள்ளைகளோடு அமர்ந்து செய்வதற்கு இதைவிட நல்ல கைவேலை எளிதில் கிட்டாது.

ஆனால் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் ஒரு தவற்றைச் செய்கின்றனர். நானும் செய்தேன். தொடக்கக்காரர்களுக்கென்று விற்கப்படும் ஒரு பெரிய பெட்டியை வாங்கினேன். நாற்பதுக்கு மேற்பட்ட பொட்டலங்கள். வானவில்லின் நிறமெல்லாம் அதில் இருந்தன. எது எதற்கு என்று விளங்கவில்லை. கூடவே வந்த வைஸ், முள்ளைப் பிடித்து நிறுத்தாமல் நழுவவிட்டது. மூன்று மாதம் கழித்துத் திறந்தபோது பாதி இறகுகளைப் பூச்சி தின்றிருந்தது. அதன் பின்னரே ஓர் உண்மை புலப்பட்டது: முதலில் எந்த ஈயைக் கட்டப் போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும், பிறகு அந்த ஒன்றுக்கு வேண்டியதை மட்டும் வாங்க வேண்டும். அதையே பத்து, இருபது முறை கட்டிய பின் இரண்டாவதைப் பற்றி நினைத்தால் போதும்.

எவ்வளவு குறைந்த பொருளில் இக்கலை இயலும் என்பதற்கு ஃபிராங்க் சாயர் என்பவரே சான்று. இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றின் காவலராக வாழ்ந்தவர் அவர். உலகெங்கும் இன்று வழங்கும் அவருடைய ஈயொன்றில் இருப்பவை இரண்டே பொருள்கள்: ஃபெசன்ட் என்னும் பறவையின் வாலிறகு இழைகள் சில, மெல்லிய செப்புக் கம்பி. நூல்கூட இல்லை, கம்பியே நூலாகவும் எடையாகவும் பயன்பட்டது. அவருடைய மற்றோர் ஈக்கு, காலுறையின் கிழிசல் தைக்கும் கம்பளி நூலே போதுமானதாயிருந்தது. அந்த நூலின் உற்பத்தி நின்றபின், மீதமிருந்த சிறு அட்டைகளுக்காக மீன்பிடிப்போர் பெரும் விலை கொடுத்த வேடிக்கையும் நடந்தது!

முதல் ஈயாக நான் பரிந்துரைப்பது 'ஊலி பக்கர்' என்பதை. 1967இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ரசல் பிளெசிங் என்பவர் அமைத்தது இது. பெரிய முள்ளில் கட்டப்படுவதால் பழகாத விரல்களுக்கு எளிது. எந்தப் பூச்சியையும் அப்படியே ஒத்திராததால் சிறு பிழைகள் பெரிதாகத் தெரிவதுமில்லை. மென்தூவலால் ஆன வால், பஞ்சு போன்ற உடல், அதன்மேல் சுருளாகச் சுற்றிய சேவலின் கழுத்திறகு, இவ்வளவே அதன் அமைப்பு.

வாலுக்குக் கடைகளில் 'மராபு' என்ற பெயரில் தூவல் விற்கிறார்கள். இப்பெயர் நமக்கு அயலானதன்று. எல்லைக் காவலிலும் இறைவணக்கத்திலும் ஈடுபட்டிருந்தவரைக் குறிக்கும் 'முராபித்' என்னும் அரபுச் சொல், பிரெஞ்சுக்காரர் வாயில் 'மராபூ' ஆயிற்று. தலை குனிந்து தவசி போல் நிற்கும் ஆப்பிரிக்க நாரை ஒன்றுக்கு அப்பெயரைச் சூட்டினார்கள். முன்னர் அந்த நாரையின் தூவலே பயன்பட்டது. இப்போது அப்பெயரில் வருவது வான்கோழித் தூவல். நமக்கு அதுவும் வேண்டியதில்லை. கோழியின் தொடையோரம் இருக்கும் பஞ்சு போன்ற தூவலே அவ்வேலையைச் செய்துவிடும்.

இனிக் கருவிகள். சிக்கனம் வேண்டாத இடம் வைஸ் ஒன்றே. முள்ளை அசையாமல் பிடிக்கும் உறுதியான தாடை இருந்தால் போதும். சுழலும் வசதி, மின்னும் பூச்சு எல்லாம் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். நூற்கண்டைத் தாங்கி, ஒரு சிறு குழல் வழியாக நூலை விடும் பாபின் தாங்கி ஒன்று வேண்டும். குழலின் வாய் வழவழப்பாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பிசிறு இருந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். உம்மாவின் தையற்பெட்டியிலுள்ள பூவேலைக் கத்தரிக்கோல் மிக ஏற்றது. ஆனால் அதனால் கம்பியை வெட்டிவிட்டுத் திட்டு வாங்கினால் நான் பொறுப்பல்ல. இறகின் நுனியைப் பிடிக்கச் சிறிய கிளிப் ஒன்று, முடிச்சின்மேல் தடவ நிறமற்ற நகப்பூச்சு, முடிச்சிடத் தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவின் வெற்றுக் குழல் ஆகியவற்றுடன் கருவிகள் முடிந்தன.

முள் வாங்கும்போது எண்ணைக் கவனிக்க வேண்டும். எண் பெரிதானால் முள் சிறிதாகும். 16ஆம் எண் முள், 8ஆம் எண்ணைவிட மிகச் சிறியது. தொடங்குவோர் நீண்ட தண்டுள்ள 8 அல்லது 10ஆம் எண்ணை வாங்குவது நலம். கூர்முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு சிம்பைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மினிக்காய்க்காரரின் முள்ளிலும் அச்சிம்பு இருப்பதில்லை. அதனால்தான் படகில் விழுந்த மீன் தானே கழன்றுவிடுகிறது. பிள்ளைகளின் விரலில் ஏறினாலும் எளிதில் எடுத்துவிடலாம். நூலை 140 டெனியர் தடிமனில், கறுப்பு நிறத்தில் ஒரே ஒரு கண்டு வாங்கினால் பல மாதங்களுக்கு வரும்.

இறகைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சேவலின் கழுத்திறகில் இழைகள் விறைப்பானவை. நீரை எளிதில் உறிஞ்சா. நீரின்மேல் மிதக்கும் ஈக்கு அதுவே தகும். பெட்டையின் இறகு மென்மையானது. நீரை உறிஞ்சி அமிழும், அமிழ்ந்தபின் உயிருள்ளது போல் அசையும். நம் ஊலி பக்கர் அமிழும் ஈயாதலால் சற்று மென்மையான சேவலிறகே நல்லது. கறிக்கடைப் பிராய்லரில் இதைத் தேட வேண்டாம். ஆறேழு வாரங்களில் அறுக்கப்படும் அக்கோழிக்குக் கழுத்திறகு முற்றியிராது. ஓராண்டு கடந்த நாட்டுச் சேவல் வீட்டில் அறுக்கப்படும் நாளே இறகு சேகரிக்கும் நாள். கழுத்து, முதுகு, தொடை இவற்றின் இறகுகளைத் தனித்தனியே எடுத்து, சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, மூடியிறுகிய டப்பாவில் ரசகற்பூர உருண்டையுடன் வைத்துவிடுங்கள். நோயால் இறந்த கோழியின் இறகை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். வெளிநாட்டிலிருக்கும் மகனுக்குத் தபாலில் அனுப்பவும் வேண்டாம். பறவைக் காய்ச்சலை அஞ்சும் நாடுகள் அதனைத் தடுத்துவிடும்.

வீட்டில் அறுத்த சேவலை நான் வலியுறுத்துவதற்குச் சிக்கனம் மட்டுமே காரணமன்று. ஷாஃபிஈ மத்ஹபின்படி, ஷரீஅத் முறையில் அறுக்கப்படாமல் செத்த பிராணியின் இறகும் முடியும் நஜீஸ் ஆகும். ஹனஃபி மத்ஹபில், பன்றி நீங்கலாக ஏனைய பிராணிகளின் இறகும் முடியும் தூய்மையானவை. வெளிநாட்டுப் பொட்டலத்தில் வரும் இறகு எப்படிக் கிடைத்தது என்பதை நாம் அறியோம். உடலுக்கென்று விற்கப்படும் முடிக் கலவைகளில் பன்றி முடி கலந்திருக்கவும் கூடும். பழைய ஆங்கிலேயக் குறிப்புகளில் அது வெளிப்படையாகவே சொல்லப்படுகிறது. உள்ளடக்கம் எழுதப்படாத பொட்டலத்தை விட்டுவிட்டு ஆட்டுக் கம்பளி நூலை வாங்குவது, மனத்தில் ஐயம் எழாத வழி. ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானி கொடுக்கும் வெள்ளாட்டின் நீண்ட முடியையும் எடுத்து வைக்கலாம். கடலில் பாரை போன்ற மீன்களுக்காகக் கட்டும் பெரிய ஈக்களில், மேல்நாட்டார் மான்வால் முடி வைக்கும் இடத்தில் அது நன்றாகப் பொருந்துகிறது.

இரண்டு வினாக்கள் எழலாம். இது உருவம் செய்வதாகாதா என்பது ஒன்று. ஊலி பக்கரைப் பார்த்து இன்ன உயிர் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆயினும் கண்ணும் சிறகும் வைத்து அச்சொட்டாகச் செய்யும் வகைகளும் உண்டு. அவற்றை விரும்புவோர் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவது நலம். மற்றொன்று, மேல்நாடுகளில் மீனைப் பிடித்து மகிழ்ந்து பின் நீரில் விட்டுவிடும் வழக்கம். சிறு மீனையும், சட்டம் தடுத்த மீனையும் திரும்ப விடுவது வேறு. உண்ணும் எண்ணமே இன்றி ஓர் உயிரை முள்ளில் இழுத்து விளையாடுவதற்கு என் மனம் ஒப்பவில்லை. உயிருள்ளதை அம்புக்கு இலக்காக்குவதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்திருப்பது இங்கே நினைவுக்கு வருகிறது.

பொருள் தேடும் ஆசை எதுவரை கொண்டு செல்லும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2009 ஜூன் மாதம், டிரிங் என்னும் ஊரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் புகுந்த இசை மாணவர் ஒருவர் 299 பறவைத் தோல்களைத் திருடிச் சென்றார். ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் சேகரித்தவையும் அவற்றில் இருந்தன. விக்டோரியா காலத்துச் சால்மன் ஈக்களை அசல் இறகுகளால் கட்ட விரும்பியோருக்கு விற்பதே நோக்கம். பிடிபட்டபோது பல தோல்கள் பிய்க்கப்பட்டிருந்தன. பலவற்றின் அடையாளச் சீட்டுகள் அகற்றப்பட்டு, ஆய்வுக்குப் பயனற்றுப் போயிருந்தன.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் நிறக் காட்டுக்கோழியும் இந்த ஆசைக்கு இரையானதுதான். அதன் சேவலின் கழுத்திறகில் மெழுகு சொட்டினாற்போல் வெண்மஞ்சள் புள்ளிகள் இருக்கும். சால்மன் ஈயின் கன்னத்தில் கண்ணாக வைப்பதற்கு அதைவிடச் சிறந்தது இல்லையென்று கருதி, முன்னாளில் அதன் தோல்களைக் கப்பல் கப்பலாக வாங்கினார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் காக்கிறது. மலையடிவாரத்தில் யாரேனும் அவ்விறகை விற்க வந்தால் வாங்காதீர்கள். மானின் முடிக்கும் இதுவே விதி. தர்காக்களில் கற்றையாகக் காணும் மயிற்பீலியின் இழை ஈயின் உடலுக்கு அழகாக அமையும். தானாக உதிர்ந்ததாக இருக்க வேண்டும், நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லவும் கூடாது.

இனி பிஸ்மில்லாஹ் சொல்லிக் கட்டத் தொடங்கலாம். முள்ளின் வளைவை வைஸில் இறுக்குங்கள். நூலைத் தண்டின்மேல் வைத்து, அதன்மேல் அதனையே சுற்றி இறுக்கி, வளைவு வரை நெருக்கமாகச் சுற்றிச் செல்லுங்கள். அங்கே ஒரு பிடித் தூவலைத் தண்டின் நீளத்துக்கு வால் போல் வைத்துக் கட்டுங்கள். அதே இடத்தில் ஒரு சாண் கம்பளி நூலின் முனையையும், கழுத்திறகு ஒன்றின் நுனியையும் சேர்த்துக் கட்டிவிட்டு, நூலை முள்ளின் காதை நோக்கிக் கொண்டு வாருங்கள். பிறகு கம்பளியை முன்னோக்கிச் சுற்றுங்கள். காதுக்கு முன்பாக ஓர் அரிசி அளவு இடம் வெறுமையாக இருக்க வேண்டும். தொடங்குவோர் பத்தில் ஒன்பது பேர் தவறுவது இங்கேதான்; அவ்விடத்தையும் கம்பளியால் நிரப்பிவிட்டு, தலை கட்ட இடமின்றித் தவிப்பார்கள். அடுத்து, இறகை ஐந்தாறு சுற்றாக இடைவெளி விட்டுச் சுற்றி வந்து கட்டி, மிஞ்சியதை வெட்டுங்கள். நூலால் சிறு தலை அமைத்து, பேனாக் குழலில் வளையமிட்டு மூன்று முடிச்சு போட்டு, நகப்பூச்சு ஒரு சொட்டு வையுங்கள். காதின் துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் ஈ கோணலாக இருக்கும். என்னுடையது பூனை மென்று துப்பிய பஞ்சு போலிருந்தது. எறிந்துவிடாதீர்கள், ஒரு வாளி நீரில் இட்டு நன்றாக நனையவிட்டு, காதில் கட்டிய நூலால் மெல்ல இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது தூவல் ஒடுங்கி, நிறுத்தும்போது விரிந்தால் வால் சரியாக அமைந்தது என்று பொருள். விரியாமல் குச்சி போல் நின்றால் தூவலை அளவுக்கு மீறி வைத்துவிட்டீர்கள். அடுத்ததில் பாதியாகக் குறையுங்கள்.