தவணைக் கொப்பியில் எழுதப்படாத வட்டி

ஒரு லட்சம் ரூபா நுண்நிதிக் கடன். "வருசத்துக்கு 24 வீதம்தான் அக்கா" என்கிறார் கடன் தர வந்த உத்தியோகத்தர். பன்னிரண்டு மாதங்களுக்கு, மாதம் 10,333 ரூபா கட்டவேண்டும். கூட்டிப் பார்த்தால் வட்டி 24,000 ரூபா. கணக்குச் சரிபோலத்தான் இருக்கும். ஆனால் இந்தக் கடனின் உண்மையான ஆண்டு வட்டி ஏறத்தாழ 51 வீதம்.

காரணம் எளியது. அந்த ஒரு லட்சம் வருடம் முழுவதும் கடன்பட்டவரின் கையில் இருப்பதில்லை. முதல் தவணையிலிருந்தே முதல் குறைந்துகொண்டு போகிறது. வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு லட்சத்துக்கும் கணக்கிடப்படுகிறது. இதைத்தான் 'பிளாட் ரேட்' என்கிறார்கள்.

உண்மையான வட்டியைக் காட்டும் கருவி 1981 ஆம் ஆண்டிலேயே சந்தைக்கு வந்துவிட்டது. எச்.பி. 12சி என்ற நிதிக் கல்குலேட்டர் அது. அதன் மேல்வரிசையில் ஐந்து பொத்தான்கள்: தவணைகளின் எண்ணிக்கை, வட்டி வீதம், இன்றைய தொகை, தவணைப் பணம், இறுதித் தொகை. தெரிந்தவற்றைக் கொடுத்து, தெரியாததன் பொத்தானை அழுத்தினால் விடை வரும். மேலுள்ள கடனுக்கு 12, ஒரு லட்சம், கழித்தல் 10,333 என்று கொடுத்து வட்டிப் பொத்தானை அழுத்தினால், கொஞ்சநேரம் யோசித்துவிட்டு 3.47 என்று காட்டும். அது மாத வட்டி. மாதாமாதம் வட்டிக்கு வட்டி சேர்த்தால் வருடத்துக்கு 51 வீதம் வருகிறது.

ஏன் யோசிக்கிறது? தவணையைக் கண்டுபிடிக்க நேரடிச் சூத்திரம் உண்டு. வட்டியைக் கண்டுபிடிக்க அப்படி ஒன்று இல்லை. ஒரு வீதத்தை ஊகித்து, பொருத்திப் பார்த்து, திருத்தித் திருத்தித்தான் விடையை நெருங்கவேண்டும். கடதாசியும் பேனையும் வைத்திருப்பவருக்கு இது பெரிய வேலை.

இந்தக் கருவிக்குச் சூத்திரத்தைப் பழக்கியும் வைக்கலாம். அழுத்தும் பொத்தான்களை வரிசையாக நினைவில் வைத்துக்கொள்ளும். பழைய மொடலில் 99 படிகள் வரை. 'பிளாட்' வீதத்தைத் தவணையாக மாற்றி, அதிலிருந்து மாத வட்டியைச் சொல்லும் நிரலை நான் 19 படிகளில் எழுதிப் பார்த்தேன். பிறகு கடன்தொகை, மாதங்கள், 'பிளாட்' வீதம் மூன்றையும் பதிந்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

கொம்பனித்தெருவில் நான் இருக்கும் இடத்திலிருந்து யூனியன் பிளேசுக்கு நடந்தே போகலாம். வழியெங்கும் வங்கிகளும் நிதிக் கம்பனிகளும். அங்கே இந்தக் கணக்குத் தெரியாதவர் இருக்கமாட்டார். வன்னியில் கணவனைப் போரில் இழந்து, வாராவாரம் தவணைக்காரருக்குப் பதில் சொல்லும் பெண்ணுக்கு யாரும் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை.

2018 செப்டெம்பரில் இலங்கை வந்த ஐ.நா. நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, நுண்நிதி வட்டி 220 வீதம் வரை போவதாகச் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டில் ஆண்டுக்கு 35 வீதம் என்ற உச்சவரம்பும் வந்தது. இந்தக் கணக்கின்படி, ஒரு லட்சத்தை 12 மாதங்களில் கட்டும் கடனின் மாதத் தவணை ஏறத்தாழ 9,768 ரூபாவைத் தாண்டினாலே வட்டி 35 வீதத்தைத் தாண்டிவிடும். வாயால் '24' என்று சொல்லப்பட்ட கடன் அந்த வரம்பை எப்போதோ தாண்டிவிட்டது.

ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று 5,000 ரூபாவைப் பிடித்துக்கொண்டு 95,000 மட்டும் கையில் தந்தால்? அதே தவணைக்கு உண்மையான வட்டி 67 வீதமாகிறது.

இன்று இதற்குப் பழைய கல்குலேட்டர் தேவையில்லை. கைத்தொலைபேசியிலுள்ள எக்செல் தாளின் 'ரேட்' சூத்திரம் இதே வேலையைச் செய்யும். வீட்டில் உயர்தரம் படிக்கும் பிள்ளை போட்டுத் தரும்.

கையொப்பம் வைக்குமுன் மூன்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: உண்மையில் கையில் கிடைக்கும் தொகை, ஒரு தவணை, மொத்தம் எத்தனை தவணை. வட்டி வீதம் எவ்வளவு என்று அவர்களிடம் கேட்கத் தேவையில்லை. அந்த மூன்று எண்களே சொல்லிவிடும்.