ஜிப்சம் சுவர்களுக்கான அதிர்வுத் தணிப்புப் பொருட்கள்

அதிர்வுத் தணிப்புப் பொருள் என்பது, ஒலி பட்டு அதிரும் பலகையின் ஆற்றலை வெப்பமாக மாற்றி அதிர்வை அடக்கும் பொருளாகும். டிரைவால் எனப்படும் ஜிப்சம் பலகைச் சுவர்களில் ஒலி ஊடுருவலைக் குறைக்க இது பயன்படுகிறது. கடைகளில் ‘சவுண்ட் புரூஃப்’ என்ற ஒரே பெயரில் விற்கப்படும் பொருட்கள் உண்மையில் வெவ்வேறு வேலைகளைச் செய்பவை. சில எடை கூட்டும், சில ஒலியை உறிஞ்சும், சில பலகையைச் சட்டத்திலிருந்து பிரிக்கும், சில மட்டுமே அதிர்வைத் தணிக்கும். ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் எதிர்பார்த்தால் செலவு வீணாகும்.

ஜிப்சம் சுவர் ஒலியைக் கடத்தும் விதம்

12.5 மி.மீ. தடிமனுள்ள ஜிப்சம் பலகையின் எடை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 8 முதல் 9 கிலோ. இருபுறமும் பூசிய அரைச் செங்கல் சுவரோ சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ இருக்கும். எடை இரட்டிப்பானால் ஒலித் தடுப்பு சுமார் 5 முதல் 6 டெசிபல் கூடும் என்பது பொது விதி. எடையில் பின்தங்கிய ஜிப்சம் சுவர், இரு பலகைகளுக்கு இடையிலுள்ள காற்று இடைவெளியைக் கொண்டு அக்குறையை ஈடுசெய்கிறது.

இச்சுவருக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. முதலாவது, இரு பலகைகளும் இடைக்காற்றை வில்சுருள் போலக் கொண்டு ஒத்ததிர்வது. இருபுறமும் ஒற்றைப் பலகையும் 75 மி.மீ. இடைவெளியும் கொண்ட சுவரில் இது 100 ஹெர்ட்ஸை ஒட்டி நிகழும். மேளம், ஜெனரேட்டர், ஒலிபெருக்கியின் அடித்தொனி ஆகியவை இவ்வழியே புகும். இரண்டாவது, 2,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் அளவில் பலகையின் வளைவலையும் காற்றின் ஒலியலையும் ஒத்துப்போவதால் தடுப்பு சட்டெனக் குறைவது. அதிர்வுத் தணிப்பு பெரிதும் உதவுவது இந்த இரண்டாவது இடத்திலும் பேச்சொலியின் அலைவெண்களிலும்தான்.

பொருட்களின் ஒப்பீடு

பாகுமீள் தணிப்புப் பசை: பாகு போல இழுபட்டு, ரப்பர் போல மீளும் தன்மையுடையது. இரண்டு பலகைகளுக்கு நடுவே பரப்பப்படுகிறது. பலகைகள் வளையும்போது நடுவிலுள்ள பசை பக்கவாட்டில் இழுபட்டு ஆற்றலை வெப்பமாக்கும். இம்முறைக்கான கோட்பாட்டை எட்வர்ட் கெர்வின் 1959இல் வெளியிட்டார். ‘கிரீன் குளூ’ இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. 4×8 அடிப் பலகை ஒன்றுக்கு 828 மி.லி. குழல்கள் இரண்டு தேவை. பூசிய உடனே முழுப் பயன் கிடைக்காது. சில வாரங்கள் ஆகும். இரண்டாவது பலகை இல்லாமல் பூசினால் பயனில்லை.

சாதாரணக் கெட்டிப் பசை: இரு பலகைகளையும் 25 மி.மீ. தடிமனுள்ள ஒரே பலகையாக்கி விடுகிறது. தடிமன் இரட்டிப்பாவதால் தடுப்புக் குறையும் இடம் சுமார் 1,250 ஹெர்ட்ஸுக்கு இறங்கிப் பேச்சொலியின் நடுவே வந்துவிடும். இரண்டாவது பலகையைப் பசையின்றித் திருகாணியால் மட்டும் பொருத்துவது இதைவிட மேல்.

பியூட்டைல், தார் ஒட்டுத்தாள்கள்: கார்க் கதவுகளுக்காக உருவானவை. கதவின் 0.8 மி.மீ. இரும்புத் தகட்டைவிட ஜிப்சம் பலகை பல பத்து மடங்கு வளைவு விறைப்புடையது. மெல்லிய அலுமினியத் தாள் அதற்கு ஈடுகொடுக்காது. சற்று எடை கூடுவதே மிச்சம்.

கன வினைல் விரிப்பு: சதுர மீட்டருக்கு 5 கிலோ அளவிலான வகை பரவலாகக் கிடைக்கிறது. இதன் முதன்மைப் பணி எடை கூட்டுவதே. அதே எடையை இன்னொரு ஜிப்சம் பலகை பெரும்பாலும் குறைந்த செலவில் தரும்.

பாறைக் கம்பளி, கண்ணாடி இழைக் கம்பளி: சுவரின் உள்ளிடைவெளியில் எழும் ஒலியை உறிஞ்சுகின்றன. பலகையின் அதிர்வைத் தணிப்பதில்லை என்றாலும், வெற்று இடைவெளியுள்ள சுவரில் முதலில் சேர்க்க வேண்டியவை இவையே.

மீள்தாங்கிகள்: பலகையைச் சட்டத்தில் நேரடியாக முட்டாமல் ரப்பர் அல்லது வளையும் தகடு மூலம் தாங்குபவை. ஒரு நீளத் திருகாணி சட்டம்வரை இறங்கினாலும் அதன் வழியே ஒலி கடந்துவிடும்.

தெர்மோகோல், முட்டை அட்டை: எடையும் இல்லை, தணிப்பும் இல்லை. அடுத்த அறையின் ஒலியைத் தடுக்க இவை பயன்படா.

வெப்பநிலையும் ஈரமும்: ஏற்காட்டுச் சூழல்

பாகுமீள் பொருட்கள் எல்லா வெப்பநிலையிலும் ஒரேபோல் செயல்படுவதில்லை. குளிரில் விறைத்துக் கெட்டிப் பசை போலவும், மிகு வெப்பத்தில் தளர்ந்தும் போகும். இடைப்பட்ட ஓர் எல்லையில்தான் தணிப்பு உச்சத்தில் இருக்கும். சேலத்தின் கோடை வெப்பம் 40 பாகை செல்சியஸை எட்டும். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வரும் ஏற்காடு, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. மஞ்சக்குட்டை போன்ற சேர்வராயன் மலை ஊர்களில் குளிர்கால இரவு 15 பாகைக்கும் கீழே போகும். ஆகவே சமவெளியில் நன்கு செயல்பட்ட பசை மலையிலும் அதே அளவு செயல்படும் எனக் கொள்ள முடியாது. தயாரிப்பாளர் தரும் இழப்புக் காரணி எந்த வெப்பநிலைக்கு, எந்த அலைவெண்ணுக்கு உரியது என்று பார்த்தே வாங்க வேண்டும்.

மலையின் மூடுபனியும் மழைக்கால ஈரமும் ஜிப்சம் பலகையை நலிவடையச் செய்யும். ஈரம் தாங்கும் வகைப் பலகையும், தரையிலிருந்து சற்று உயர்த்திப் பொருத்துவதும் இங்கு அவசியம். அடியில் விடப்படும் அந்த இடைவெளியை இறுகாத அக்ரிலிக் அடைப்பானால் மூட வேண்டும்.

இச்சுவர்களின் தேவை தங்கும் விடுதிகளில் மிகுதி. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்ற வரம்பை வைக்கின்றன. அது வெளிச்சூழலுக்கான வரம்பு. அடுத்த அறையின் தொலைக்காட்சியையும் பேச்சையும் தடுக்க வேண்டியது சுவர்தான்.

செய்ய வேண்டிய வரிசை

முதலில் அடைக்க வேண்டியவை இடுக்குகள். சுவர்ப் பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு திறந்திருந்தாலும், மற்றப் பகுதி எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், மொத்தத் தடுப்பு 30 டெசிபலைத் தாண்டாது. 10 சதுர மீட்டர் சுவரில் இது 100 சதுர செ.மீ. மட்டுமே, 90 செ.மீ. அகலக் கதவின் அடியில் 11 மி.மீ. இடைவெளி இருந்தால் அந்த அளவு வந்துவிடும். எதிரெதிராக அமைந்த மின்பெட்டிகளும் இதே வகைக் குறைதான்.

அடுத்து உள்ளிடைவெளியில் கம்பளி, அதன்பின் இரண்டாவது பலகை, அதைப் பொருத்தும்போதே நடுவில் தணிப்புப் பசை என்பதே செலவுக்கேற்ற வரிசை. புதிதாக எழுப்பும் சுவரானால் மீள்தாங்கிகளைத் தொடக்கத்திலேயே சேர்க்கலாம். அடித்தொனியே தொல்லையாக இருக்கும் இடத்தில் பசைக்குச் செலவிடுவதைவிட எடையையும் இடைவெளியையும் கூட்டுவதே பலன் தரும். மேற்சொன்ன 75 மி.மீ. சுவரில் இருபுறமும் இரட்டைப் பலகை வைத்தால் ஒத்ததிர்வு 100 ஹெர்ட்ஸிலிருந்து சுமார் 75 ஹெர்ட்ஸுக்கு இறங்கும்.