‘அரிசி மூட்டை’ கிண்டலை முற்போக்காளர்களும் சொல்வது ஏன்? செஞ்சி வட்டாரத்தில் இருக்கும் பதில்

விழுப்புரம் மாவட்டத்தில் அனந்தபுரம், செஞ்சி பக்கத்துக் கத்தோலிக்கர்கள் படிக்கவோ வேலைக்கோ எங்கே போனாலும் ஒரு கேலி கூடவே வரும். “அரிசிக்கு மதம் மாறுனவங்கதானே?” என்பது அது. ‘அரிசி மூட்டை’ என்று சுருக்கியும் சொல்வார்கள். பாதிரியாரின் அங்கியை வைத்து ‘பாவாடை’ என்று ஒரு வசவும் இருக்கிறது.

மதவாத அரசியல் பேசுபவர்கள் இதைச் சொன்னால் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. ஆனால் சாதி ஒழிப்பு, பெண் விடுதலை, மதச்சார்பின்மை பேசுகிற வட்டங்களிலும் இதே கருத்து கொஞ்சம் நாகரிகமான வார்த்தைகளில் வருகிறது. “வெள்ளைக்காரன் மூளைச்சலவை பண்ணிட்டான்”, “பசிக்காகப் போனாங்க, பாவம்”, “படிச்சிருந்தும் இன்னும் பூசைக்குப் போறியா?” என்கிறார்கள். முஸ்லிம்களைப் பற்றி ஒருவர் இப்படிப் பேசினால் உடனே கண்டிக்கிறவர்கள், கத்தோலிக்கர் என்று வந்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவதும் உண்டு.

இந்தக் கேலி எங்கிருந்து வந்தது? இதில் என்ன பிரச்சினை?

கத்தோலிக்கரைக் குத்தப் பிறந்த கேலி

‘அரிசிக் கிறிஸ்தவர்’ என்ற பேச்சு இந்தியாவில் உருவானது இல்லை. 17-ம் நூற்றாண்டின் கடைசியில் இன்றைய வடவியட்நாம் பகுதிக்குப் போன ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர், அங்கிருந்த பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குருக்களைப் பற்றி எழுதினார். அவர்களுடைய பிரசங்கத்தைவிட அவர்கள் கொடுத்த அரிசிதான் அதிகம் பேரை மதம் மாற்றியது என்பது அவர் கருத்து. புராட்டஸ்டன்ட் இங்கிலாந்துக்கும் கத்தோலிக்க பிரான்சுக்கும் ஆகாத காலம் அது. அந்த ஐரோப்பியச் சண்டையில் வீசப்பட்ட கல், ஆசியாவின் ஏழைகள் மேல் வந்து விழுந்தது.

காலனி ஆதிக்கத்தை எதிர்ப்பதாக நினைத்து இன்று இந்தக் கேலியைச் சொல்பவர்கள், உண்மையில் ஒரு காலனியக் கேலியைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள்.

செஞ்சிக்குக் கத்தோலிக்கம் ஆங்கிலேயர் ஆட்சியோடு வந்ததும் இல்லை. 16-ம் நூற்றாண்டின் இறுதியில், செஞ்சியைக் கிருஷ்ணப்ப நாயக்கர் ஆண்டபோதே நிக்கோலஸ் பிமெண்டா என்ற இயேசு சபைக் குரு இங்கே வந்து, நகரத்தைப் பற்றி விரிவாக எழுதி வைத்திருக்கிறார்.

தாது வருஷத்தில் என்ன நடந்தது?

செஞ்சியிலிருந்து வடக்கே போனால் திருவண்ணாமலை மாவட்டத்துச் சேத்துப்பட்டு. அங்கே உயர்ந்து நிற்கும் லூர்து மாதா கோயிலோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர், பிரெஞ்சுக் குரு தார்ராஸ். இந்த வட்டாரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கத்தோலிக்கம் தழுவியது 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டித்தான். பஞ்சத்துக்கும் மதமாற்றத்துக்கும் தொடர்பே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அப்போது அரசு என்ன கொடுத்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1877-ல் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி நிவாரணக் கூலியைக் குறைத்தார். நாள் முழுக்க உடலுழைப்பு செய்யும் ஓர் ஆணுக்கு 1 பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் ஓர் அணாவும்தான் கூலி. உயிர் வாழவே இது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். பல லட்சம் பேர் செத்த பஞ்சம் அது. முதலில் விழுந்தவர்கள் நிலமில்லாத படியாட்கள், குறிப்பாகத் தலித்துகள்.

அந்த நிலையில் ஒருவர் சோறு கிடைக்கும் இடத்துக்குப் போனால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? வெட்கப்பட வேண்டியது, தானியம் இருந்தும் கொடுக்காதவர்கள்.

அரிசி மட்டுமே காரணம் என்பதும் சரியில்லை. சென்னை மாகாணத்தில் பல இடங்களில் தலித்துகளே மிஷனரிகளைத் தேடிப் போனார்கள் என்று வரலாற்றாய்வாளர் ரூபா விஸ்வநாத் 2014-ல் வெளியான நூலில் விளக்குகிறார். நிலக்கிழாரின் அடியிலிருந்து காப்பாற்ற ஒருத்தர், அதிகாரியிடம் போய்ப் பேச ஒருத்தர், பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் என்பது அவர்களுடைய கணக்கு. ஏமாந்தவர்கள் போடும் கணக்கா இது?

பஞ்சம் முடிந்து ஐந்து தலைமுறை ஆகிவிட்டது. அரிசி தீர்ந்த பிறகும் அவர்கள் கோயிலுக்குப் போகிறார்கள் என்றால், அதை நம்பிக்கை என்றுதான் சொல்ல வேண்டும்.

2002 சட்டத்துக்குள் இருந்த அதே நினைப்பு

2002 அக்டோபரில் ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஆசை காட்டி மதம் மாற்றினால் 3 ஆண்டு வரை சிறை. மாற்றப்பட்டவர் பெண்ணாகவோ, 18 வயதுக்குக் கீழ் உள்ளவராகவோ, பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவராகவோ இருந்தால் 4 ஆண்டு வரை சிறை. முற்போக்கு இயக்கங்களும் சிறுபான்மையினரும் சேர்ந்து எதிர்த்தார்கள். 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பிறகு சட்டம் திரும்பப் பெறப்பட்டது.

பெண்ணையும் தலித்தையும் சிறுபிள்ளையோடு ஒரே வரிசையில் வைத்த சட்டம் அது. இவர்களால் சொந்தமாக முடிவெடுக்க முடியாது, யாராவது ஏமாற்றிவிடுவார்கள் என்பது அதன் உள்ளே இருந்த நினைப்பு. “பசிக்காகப் போனாங்க, பாவம்” என்று பரிதாபப்படும் முற்போக்காளரும், தெரிந்தோ தெரியாமலோ, அதே நினைப்பைத்தான் பேசுகிறார்.

அமெரிக்காவிலும் இதே கதை

லிபரல்களிடம் கத்தோலிக்க வெறுப்பு இருப்பது புதுசு இல்லை. அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் தாமஸ் நாஸ்ட், அடிமை முறையை எதிர்த்தவர். கறுப்பினத்தவருக்காகவும் சீனக் குடியேறிகளுக்காகவும் வரைந்தவர். அவரே 1871-ல் ‘அமெரிக்காவின் கங்கை நதி’ என்ற பெயரில் ஒரு படம் போட்டார். அதில் கத்தோலிக்க ஆயர்கள் முதலைகளாக ஆற்றிலிருந்து ஊர்ந்து வருகிறார்கள். அவர்கள் தலையில் இருக்கும் கூம்புத் தொப்பிதான் முதலையின் வாய். கரையில் பள்ளிக் குழந்தைகள்.

அன்று அமெரிக்கக் கத்தோலிக்கர்களில் பெரும் பகுதி, 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பி வந்த அயர்லாந்து ஏழைகளும் அவர்கள் பிள்ளைகளும். படம் தாக்கியது ஆயர்களை என்றாலும், அடி வாங்கியது அவர்கள்தான். 1960-ல்கூட ஜான் கென்னடி, தான் போப்பின் சொல்படி ஆட்சி செய்ய மாட்டேன் என்று ஹூஸ்டனில் மேடையேறி விளக்க வேண்டியிருந்தது.

கத்தோலிக்கர்களும் இந்த விஷயத்தில் சுத்தம் என்று சொல்ல முடியாது. அதே அயர்லாந்துப் பஞ்சத்தில் புராட்டஸ்டன்ட் பள்ளிகளில் கஞ்சி குடித்து மதம் மாறியவர்களை, ‘சூப் குடித்தவர்கள்’ என்று கத்தோலிக்கர்கள் தலைமுறைகளாகத் திட்டினார்கள்.

அப்போ திருச்சபையை விமர்சிக்கவே கூடாதா?

தாராளமாக விமர்சிக்கலாம். பெரியார் இயக்கம் எல்லா மதங்களையும் கேள்வி கேட்டது. பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் ‘நான் ஏன் கிறிஸ்தவனல்ல’ உரையைத் தமிழில் கொண்டுவந்தது. விமர்சனத்தைச் சட்டத்தால் அடக்குவதும் தப்பு. 2012-ல் மும்பை வேளாங்கண்ணி மாதா கோயில் சிலுவையில் வடிந்த நீர் அற்புதம் இல்லை, கழிவுநீர்க் கசிவுதான் என்று சொன்ன பகுத்தறிவாளர் சனல் எடமருகு மேல் கத்தோலிக்க அமைப்புகள் 295ஏ பிரிவில் புகார் கொடுத்தன. அவர் நாட்டை விட்டே போக நேர்ந்தது.

திருச்சபையைக் கடுமையாக விமர்சிப்பவர்கள் அதற்கு உள்ளேயே இருக்கிறார்கள். அன்று விழுப்புரம் மாவட்டத்திலும் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் உள்ள எறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் சம மரியாதையும் தனிப் பங்கும் கேட்டுப் போராடினார்கள். 2008 மார்ச்சில் அது வன்னியக் கத்தோலிக்கர்களுடன் மோதலாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 2 பேர் இறந்தார்கள். 2018-ல் கேரளத்துக் கன்னியாஸ்திரிகள், ஆயர் பிராங்கோ முலக்கல் மீதான பாலியல் புகாரில் நடவடிக்கை கேட்டுக் கொச்சியில் தெருவில் உட்கார்ந்தார்கள். 2022-ல் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

நாட்டின் சுமார் 1.9 கோடி கத்தோலிக்கர்களில் 1.2 கோடிப் பேர் தலித்துகள். ஆனாலும் தலைமையில் அவர்கள் மிகக் குறைவு. இதை இந்திய ஆயர் பேரவையே 2016-ல் ஒப்புக்கொண்டது.

இவர்கள் எல்லோரும் பெயர் சொல்லி, பொறுப்பில் இருப்பவரைக் கேள்வி கேட்டவர்கள். ‘அரிசி மூட்டை’ என்பது பொறுப்பில் இருக்கும் யாரையும் தொடுவதில்லை. பேராயரை விட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கூலித் தொழிலாளியைத்தான் அது அடிக்கிறது.

இதில் யாருக்கு என்ன இழப்பு?

1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956-ல் சீக்கியர்களும், 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். விழுப்புரம் மக்களவைத் தொகுதியும் திண்டிவனம், வானூர் சட்டமன்றத் தொகுதிகளும் தனித் தொகுதிகள். மூன்றிலும் ஒரு தலித் கத்தோலிக்கர் போட்டியிட முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. ஆனால் ஊரில் சேரியும் மாறவில்லை, சுடுகாட்டுப் பாதையும் மாறவில்லை.

அவர்களைப் பட்டியலில் சேர்க்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் பரிந்துரைத்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19 அன்று தீர்மானம் போட்டது. இன்னொரு பக்கம், ஞானஸ்நானம் பெற்ற புதுச்சேரிப் பெண் ஒருவருக்குப் பட்டியல் சாதிச் சான்று தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொன்னது. இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வது அரசமைப்பின் மேல் செய்யும் மோசடி என்றது தீர்ப்பு.

அதாவது, அன்று மாறியபோது அரிசிக்காக என்றார்கள். இன்று உரிமை கேட்டால் சலுகைக்காக என்கிறார்கள். இந்தக் கோரிக்கைக்குத் தெருவில் இறங்கித் துணை நிற்க வேண்டியவர்கள் முற்போக்கு இயக்கத்தினர்தான். சேர்ந்து நிற்கிற தோழர் தன் பாட்டனின் பசியைக் கேலி செய்தவர் என்றால், அந்தக் கூட்டத்துக்கு அனந்தபுரத்திலிருந்து யார் பஸ் ஏறி வருவார்கள்?