‘காருக்கு ஷூ மாத்தினியாடா?’ - பனியில் சின்ன கார் ஓட்டுபவர்களுக்கு ஒரு திமிரி அம்மாவின் கேள்வி!

திமிரியில் சாயங்காலம் 5 மணி. ராணிப்பேட்டை ஷூ கம்பெனி வேனிலிருந்து இறங்கி வந்த பெரியம்மா, டீ போட அடுப்பைப் பற்றவைத்த நேரம். செல்போனில் வீடியோ கால். கனடாவின் பிராம்ப்டனிலிருந்து அண்ணன். அங்கே அப்போது காலை ஆறரை மணி.

“அம்மா, பயப்படாத. எனக்கு ஒண்ணும் ஆகல...”

பேச்சு இப்படித் தொடங்கினால் எந்த அம்மாதான் பயப்படாமல் இருப்பார்? வேலைக்குப் போகும் வழியில் சிக்னலில் சிவப்பு விழுந்திருக்கிறது. அண்ணன் பிரேக்கை மிதித்திருக்கிறார். கார் நிற்கவில்லை. சோப்புத் தண்ணீர் கொட்டிய தரையில் தட்டு வழுக்குவதுபோல வழுக்கிக்கொண்டே போய், சாலையோரம் குவித்திருந்த பனி மேட்டில் முட்டி நின்றிருக்கிறது. விடியாத நேரம் என்பதால் எதிரே வண்டி எதுவும் வரவில்லை. அந்த ஒன்றுதான் அதிர்ஷ்டம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு பெரியம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“இன்னாடா... காருக்கு ஷூ மாத்தினியா, இல்லியா?”

அண்ணனிடமிருந்து பதில் இல்லை. பனிக்கால டயர் வாங்க எடுத்துவைத்திருந்த பணத்தை, ஊரில் வீட்டுக் கடன் தவணைக்கு அனுப்பிவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

பத்து வருடங்களுக்கு மேலாக ஷூவுக்கு சோல் ஒட்டும் வேலை பார்ப்பவர் பெரியம்மா. கார் ஓட்டத் தெரியாது. பனி கொட்டுவதை நேரில் பார்த்ததும் இல்லை. ஆனால், நேராக விஷயத்தின் வேரைத் தொட்டுவிட்டார்.

நம் பக்கத்திலிருந்து படிக்கவும் வேலைக்கும் குளிர் நாடுகளுக்குப் போகிறவர்கள் பலர் முதலில் வாங்குவது பழைய சின்ன கார்தான். இன்னொரு பக்கம், டிசம்பர் லீவில் காரிலேயே மணாலி போய்வரும் குடும்பங்களும் இருக்கின்றன. 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கம் திறக்கப்பட்டபிறகு அந்தப் பக்கம் கூட்டம் அதிகம். 2024 டிசம்பர் கடைசியில், சோலாங்குக்கும் அந்தச் சுரங்கத்துக்கும் இடையே சுமார் 1,000 வாகனங்கள் பனியில் சிக்கிக்கொண்டதைச் செய்திகளில் பார்த்தோம். இந்த இரண்டு தரப்புக்கும்தான் இந்தக் கட்டுரை.

எடை குறைவு... பலமா, பலவீனமா?

ஆல்ட்டோ போன்ற கார் சுமார் 750 கிலோ. ஃபார்ச்சூனர் போன்ற வண்டி 2,000 கிலோவைத் தாண்டும். ‘கனமான வண்டிதான் பனியில் பத்திரம்’ என்று பலரும் நினைக்கிறோம். அது பாதி உண்மைதான்.

நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜினின் இழுவை போகும் பெரிய வண்டி, பனியில் சுலபமாகக் கிளம்பும், ஏறும். ஆனால், நிற்கும்போது அந்த இழுவையால் பலன் இல்லை. சின்ன காரோ, பெரிய காரோ... பிரேக் பிடித்ததும் நிற்கவைப்பது டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிப்புதான். ‘பெரிய வண்டிதானே’ என்று வேகமாகப் போகிறவர்கள் பள்ளத்தில் இறங்குவது இதனால்தான்.

சின்ன காருக்குச் சில சாதகங்கள் உண்டு. 1983-ல் வந்த மாருதி 800 முதல் இன்றைய ஆல்ட்டோ வரை முன்சக்கர இழுவை கொண்டவை. இன்ஜினின் கனம் முழுக்க இழுக்கும் சக்கரங்களின் மேலேயே இருப்பதால், பிடிப்பு ஓரளவு கிடைக்கும். குறுகலான டயர் புதுப்பனியைக் கிழித்துக்கொண்டு கீழே தரையைத் தொடும். சிக்கிக்கொண்டால் நாலு பேர் சேர்ந்து தள்ளிவிடலாம்.

பலவீனம் வயிற்றில் இருக்கிறது. காரின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையே ஒரு சாண்கூட இருக்காது. அந்த உயரத்துக்குப் பனி குவிந்தால், கார் அதன் மேல் படகுபோல உட்கார்ந்துவிடும். சக்கரம் சும்மா சுற்றும். எனவே, அடிப்பாகத்தைத் தொடும் அளவுக்குப் பனி விழுந்திருந்தால் சின்ன காரை வெளியே எடுக்காமல் இருப்பதே நல்லது. திறந்த வெளிகளில் பலமான காற்றும் எடை குறைந்த காரைப் பக்கவாட்டில் தள்ளும். லாரிகளை ஒட்டிப் போகாதீர்கள்.

குளிருக்கு வேற சோல்

“வெயில் ஊருக்குப் போற சோல் வேற, குளிர் ஊருக்குப் போற சோல் வேற. குளிர்ல ரப்பர் கட்டையா பூடும்” என்பார் பெரியம்மா. டயருக்கும் அதே கணக்கு. வெப்பநிலை சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால், சாதாரண டயரின் ரப்பர் இறுக ஆரம்பித்துப் பிடிப்பு குறையும். பனிக்கால டயரின் ரப்பர் குளிரிலும் மென்மையாக இருக்கும். அதிலுள்ள ஆழமான வெட்டுகள் பனியைக் கவ்விப் பிடிக்கும். டயரின் பக்கவாட்டில், மூன்று சிகரங்கள் கொண்ட மலைக்குள் ஒரு பனிப்பூ இருக்கும். அதுதான் அடையாளம்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயம். அண்ணன் இருக்கும் ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால், அதைப் போட்டிருந்தால் கார் இன்ஷூரன்ஸ் கட்டணத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்ற விதி 2016 முதல் அங்கே இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

செலவை மிச்சம் பிடிக்க முன்னால் மட்டும் இரண்டு டயரை மாற்றுகிறவர்கள் உண்டு. அது ஆபத்து. முன்பக்கம் நிற்கும், பின்பக்கம் சுழன்று கொண்டு வரும். மாற்றினால் நான்கையும் மாற்ற வேண்டும். வெப்பநிலை 5, 6 டிகிரி குறைந்தாலே டயரில் காற்றழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும் என்பதால், குளிர் கூடும்போதெல்லாம் காற்றைப் பாருங்கள்.

மணாலிக்குப் போகிறவர்களுக்கு டயர் மேல் சுற்றும் பனிச் சங்கிலி போதும். ஆல்ட்டோ போன்ற கார்களுக்கு முன்சக்கரங்களில் கட்ட வேண்டும். ஆம்னி, ஈகோ போன்ற பின்சக்கர இழுவை வண்டிகளுக்குப் பின்சக்கரங்களில். பனி இல்லாத தார்ச்சாலை வந்ததும் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் சங்கிலி, டயர் இரண்டும் பாழ்.

கிளம்பும் முன்...

நம் ஊரில் பழைய கார்களின் ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டுவது சகஜம். அதே தண்ணீரோடு பனிக்குப் போனால் இன்ஜினே போய்விடும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவிகிதம் பெருக்கும். அந்த வேகத்தில் ரேடியேட்டரும் இன்ஜின் பிளாக்கும் விரிசல் விடலாம். கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 35 டிகிரி வரை பொதுவாகக் கவலை இல்லை.

பேட்டரி பழையதாக இருந்தால் முதலில் மாற்றுங்கள். உறைநிலையை எட்டும்போதே அதன் பலத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். டீசல் வண்டி என்றால் இன்னொரு சிக்கல். கடும் குளிரில் டீசல் மெழுகுபோலக் கெட்டியாகும். லடாக் போன்ற பகுதிகளுக்காகவே, மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019-ல் அறிமுகப்படுத்தியது. குளிர்ப் பகுதிக்குப் போகும்போது அந்த ஊர் டீசலையே நிரப்பிக்கொள்ளுங்கள்.

கண்ணாடியில் பனி உறைந்திருந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ஊட்டிக்கும் இது பொருந்தும். ஹீட்டரைப் போட்டு, பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டி எடுங்கள். காரின் கூரைமேல் இருக்கும் பனியையும் தள்ளிவிடுங்கள். பிரேக் போடும்போது அது அப்படியே முன் கண்ணாடிமேல் சரியும்.

ராத்திரி நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போட்டால் அது உறைந்து பிடித்துக்கொள்ளலாம். சமதரையில் முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

மிதிப்பதெல்லாம் மெதுவாக!

பனிக்கட்டி படிந்த சாலையில், வண்டி நிற்க எடுக்கும் தூரம் 10 மடங்கு வரை கூடலாம் என்கிறது பிரிட்டனின் சாலை விதி நூல். எனவே, முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் இடைவெளி நிறைய வேண்டும். ஆக்ஸிலரேட்டர், பிரேக், ஸ்டீயரிங்... எதிலும் வெடுக்கென்ற வேலை ஆகாது. இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல், முன்கூட்டியே குறைந்த கியருக்கு வந்துவிடுங்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

கார் வழுக்கினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பார்த்து மெதுவாக ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். ஏபிஎஸ் உள்ள கார் என்றால், நிற்க வேண்டிய நேரத்தில் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி இருங்கள். பெடல் கடகடவென அதிரும். பயந்து காலை எடுக்காதீர்கள்.

பாலங்கள், நிழல் விழும் வளைவுகளில் கூடுதல் கவனம் தேவை. அங்கே தார்ச்சாலை ஈரமாக இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் அது கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலமாக இருக்கலாம். அண்ணனை அன்றைக்குக் கவிழ்த்தது அதுதான்.

சிக்கிக்கொண்டால் உயிரைக் காக்கும் ஒரு விஷயம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மலை ஊரான மர்ரியில், பனி பார்க்கப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் சாலையில் சிக்கிய கார்களுக்குள்ளேயே இறந்தார்கள். அவர்களில் சிலரைக் கொன்றது குளிர் அல்ல, கார்பன் மோனாக்சைடு வாயு என்று அதிகாரிகள் சொன்னார்கள்.

கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஹீட்டருக்காக இன்ஜினை ஓடவிட்டபடி தூங்கிவிடுகிறோம். வெளியே பனி ஏறி, சைலன்ஸர் குழாயை மூடிவிடுகிறது. வெளியேற வழியில்லாத புகை காருக்குள் வருகிறது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம் வந்து, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கொடைக்கானலில் மூடிய அறைக்குள் கரியடுப்பை வைத்துவிட்டுத் தூங்கியவர்கள் இறந்ததும் இதே வாயுவால்தான்.

சிக்கிக்கொண்டால் முதலில் இறங்கி, சைலன்ஸர் குழாயைச் சுற்றியுள்ள பனியைக் கையால் தோண்டியாவது அகற்றுங்கள். மணிக்கு 10 நிமிடம் மட்டும் இன்ஜினை ஓட்டுங்கள். காற்று அடிக்காத பக்கக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வையுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் தூங்கக் கூடாது. காரை விட்டுப் பனியில் நடந்து போக வேண்டாம், தேடி வருபவர்களுக்கு ஆளைவிடக் கார்தான் சீக்கிரம் கண்ணில் படும்.

கிளம்பும்போதே டேங்க்கில் பாதிக்கு மேல் பெட்ரோல், கம்பளி, தண்ணீர், பிஸ்கட், டார்ச், சிறு மண்வெட்டி, பவர் பேங்க் இருக்கட்டும். சக்கரம் சுற்றி நின்றால் அடியில் போட ஒரு சாக்கு மணலும் உதவும். மண் இல்லையென்றால், காலடியில் கிடக்கும் மேட்டைச் செருகுங்கள்.

உப்பு தின்னும் கார்

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்பு தடவும் இடங்களில், இரும்பு என்ன கதியாகும் என்று நமக்குத் தெரியும். கனடாவிலும் அதே கதைதான். பனிக்கட்டியை உருக்க, வருடத்துக்குச் சுமார் 50 லட்சம் டன் உப்பைச் சாலைகளில் கொட்டுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டு, தகட்டையும் பிரேக் குழாய்களையும் அரிக்கும். அதனால், பழைய கார் வாங்கும்போது பளபளக்கும் பெயின்ட்டைப் பார்த்து ஏமாறாமல், காரைத் தூக்கி வைத்து அடியில் பாருங்கள். குளிர்காலம் முழுக்க, உறைநிலைக்கு மேல் வெயில் எட்டிப்பார்க்கும் நாள்களில் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். சீசனுக்கு முன்பே துருத்தடுப்பு எண்ணெய் அடித்துவிடுவது இன்னும் நல்லது.

அன்று சாயங்காலம் போனை வைப்பதற்கு முன் பெரியம்மா சொன்னது இதுதான்: “தவணையை நான் பாத்துக்கிறேன்டா. அந்த மாசம் ஒண்ணும் அனுப்பாத. மொதல்ல காருக்கு ஷூ வாங்கு.”

அடுத்த மாதம் பணம் வரவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. சின்ன கார், நான்கு புது டயர், பக்கத்தில் சிரித்தபடி அண்ணன். பெரியம்மா போட்டோவைப் பெரிதாக்கி, டயரின் வெட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“சோல் நல்லாத்தான் இருக்கு” என்றார்.