ஒன்று போதும்: சுண்டெலி முட்டையின் உறை எடுக்கும் முடிவு

சுண்டெலியின் கருமுட்டை ஏறத்தாழ 0.08 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்டது. அதைச் சுற்றிச் சுமார் 0.007 மில்லிமீட்டர் தடிமனில், ஒளி ஊடுருவும் ஓர் உறை இருக்கிறது. ஸோனா பெலூசிடா எனப்படும் இந்த உறையை, வளரும் முட்டையே சுரந்து தன்மேல் போர்த்திக்கொள்கிறது. இசட்பி1, இசட்பி2, இசட்பி3 என்ற மூன்றே புரதங்கள் இழை இழையாகப் பின்னி உருவானது அது. கருவுறும் வேளையில் அதற்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகள் உண்டு. விந்தணு வந்தால் இடம்கொடுக்க வேண்டும். ஒன்று உள்ளே போனதும் மற்றவற்றுக்கு இடம் மறுக்க வேண்டும். முட்டையில் 20 குரோமோசோம், விந்தணுவில் 20, ஆக 40 என்பது சுண்டெலியின் கணக்கு. இரண்டாவது விந்தணுவும் நுழைந்துவிட்டால் கணக்கு 60 ஆகும். அந்தக் கரு பிழைக்காது. பாடநூல்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த கதை முதல் வேலையைச் சுற்றியே அமைந்திருந்தது. ஆனால் சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், இந்தப் புதிரின் விடை இரண்டாவது வேலையில்தான் இருக்கிறது. அதுவும் இசட்பி2 என்ற ஒரே புரதத்தின் ஒரு முனையில் இருக்கிறது.

பழைய கதைக்கு வலுவான அடித்தளம் இல்லாமல் இல்லை. 1980இல் ஜெஃப்ரி பிளெய்ல், பால் வாசர்மன் ஆகிய இரு அமெரிக்க ஆய்வாளர்கள் சுண்டெலி முட்டைகளின் உறையைக் கரைத்து, மூன்று புரதங்களையும் தனித்தனியாகப் பிரித்தெடுத்தார்கள். ஒவ்வொன்றையும் விந்தணுக்களோடு கலந்து, பிறகு அந்த விந்தணுக்களை முழு முட்டைகளிடம் விட்டார்கள். இசட்பி3 கலந்தபோது மட்டும் விந்தணுக்கள் முட்டையில் ஒட்டுவது வெகுவாகக் குறைந்தது. அவை தேடிவந்த இடத்தை இசட்பி3 முன்கூட்டியே நிரப்பிவிட்டது என்பது அவர்கள் கண்ட பொருள். கருவுற்ற முட்டைகளிலிருந்து எடுத்த இசட்பி3க்கு அந்த ஆற்றல் இல்லை என்பது இந்த முடிவுக்கு மேலும் வலுச்சேர்த்தது. அந்தப் புரதத்தில் தொங்கும் சர்க்கரைச் சங்கிலிகளே விந்தணுவைப் பிடிக்கின்றன என்று 1985இல் இன்னோர் ஆய்வு வந்தது. அந்தச் சங்கிலிகள் புரதத்தின் 332, 334ஆம் இடங்களிலுள்ள செரின் அமினோ அமிலங்களில் இருப்பதாகப் பின்னர் குறித்தார்கள். பூட்டு இசட்பி3, சாவி விந்தணு என்ற படம் இப்படித்தான் நிலைபெற்றது.

ஒரு புரதம் கிண்ணத்தில் என்ன செய்யும் என்பதும், உயிருள்ள உடலில் அதன் பங்கு என்ன என்பதும் வெவ்வேறு கேள்விகள். இரண்டாவதற்கு விடை காண, அந்தப் புரதத்தை மாற்றிவிட்டு விலங்கு குட்டி போடுகிறதா என்று பார்க்க வேண்டும். அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் ஜூரியன் டீனின் குழு அதைத்தான் செய்தது. இசட்பி3இன் மரபணுவைத் திருத்தி, 332, 334ஆம் இடங்களில் சர்க்கரை ஒட்ட வழியில்லாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். பழைய கதை சரியென்றால் அவை மலடாக வேண்டும். அவை வழக்கம்போலக் குட்டி போட்டன. அதே 2010ஆம் ஆண்டு ஆய்வில் இசட்பி2இலும் கைவைத்தார்கள். இயல்பான முட்டையில், விந்தணு நுழைந்ததும் இசட்பி2 ஒரு குறிப்பிட்ட இடத்தில் வெட்டுப்படும். அந்த வெட்டு விழாதபடி மரபணுவை மாற்றியபோது, கருவுற்று இரண்டு செல்லாகப் பிரிந்துவிட்ட கருவின் மேலும் விந்தணுக்கள் வந்து ஒட்டிக்கொண்டே இருந்தன. ஆக, விந்தணு ஒட்டுவதும் ஒட்டாததும் இசட்பி2 வெட்டுப்பட்டதா இல்லையா என்பதைப் பொறுத்தது. வெட்டும் நொதியும் 2012இல் தெரியவந்தது. அதன் பெயர் ஓவஸ்டாசின். முட்டையின் ஓரத்தில் சிறு பைகளில் அது காத்திருக்கிறது. முதல் விந்தணு முட்டையோடு இணைந்ததும் வெளியே கொட்டப்பட்டு உறைக்குள் பரவுகிறது.

அப்படியானால் 1980இன் சோதனை பொய்யா என்று ஒருவர் கேட்கலாம். பொய்யில்லை, அது காட்டியது காட்டியதுதான். பிரித்தெடுத்த இசட்பி3 கிண்ணத்தில் விந்தணுவைத் தடுத்தது. ஆனால் தடுக்க முடிகிறது என்பதிலிருந்து, இயற்கையில் பிடித்துவைப்பதும் அதுவே என்று தாவியதில்தான் சிக்கல். மூன்று புரதங்களும் இழையாகக் கோத்திருக்கும்போது எந்தப் பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்பதைக் கரைத்தெடுத்த புரதம் சொல்லாது. 2014இல் டீனின் குழு இன்னொரு படி முன்னேறியது. இசட்பி2இன் தொடக்க முனையில், 51 முதல் 149 வரையிலான அமினோ அமிலங்கள் கொண்ட பகுதியை மட்டும் நீக்கியபோது, உறை இருந்தும் விந்தணுக்கள் அதில் ஒட்டவில்லை. பெண் சுண்டெலிகள் கருத்தரிக்கவில்லை.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது. விந்தணு ஒட்டுவதே அவ்வளவு முக்கியமா? விந்தணுவின் தலையில் அக்ரோசோம் என்ற பை உண்டு. உறையைத் தொட்ட பிறகே, இசட்பி3இன் தூண்டுதலால் அது வெடிக்கிறது என்று முன்பு நம்பினார்கள். 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒளிரும் புரதம் கொண்ட விந்தணுக்களைப் படம்பிடித்தபோது, முட்டையைக் கருவுறச் செய்த விந்தணுக்களில் பெரும்பாலானவை உறையைத் தொடுவதற்கு முன்பே அந்தப் பையை இழந்திருந்தன. இது இசட்பி3க்குக் கொடுத்திருந்த இரண்டாவது பெருமையையும் பறிக்கிறதே தவிர, இசட்பி2இன் பங்கைத் தொடவில்லை. 2024இல் லூக்கா ஜோவின் முதலானோரின் ஆய்வு வேறொரு கோணத்தைத் திறந்தது. வெட்டுப்பட்ட இசட்பி2இன் முனைகள் ஒன்றோடொன்று கூடி, அருகருகே உள்ள இழைகளைப் பிணைத்து, உறையையே இறுக்கிவிடுகின்றன என்பது அவர்களின் முடிவு. ஒட்டும் இடம் அழிவதால் தடுப்பா, உறை இறுகுவதால் தடுப்பா என்பது விவாதத்துக்குரியது. இரண்டும் சேர்ந்தும் நடக்கலாம். இரண்டிலும் தொடக்கம் இசட்பி2இல் விழும் அந்த ஒரே வெட்டுத்தான். உறை தவறவிட்டால் பார்த்துக்கொள்ள முட்டையின் சவ்விலும் தனிக் காவல் உண்டு என்பது உண்மை. முதல் விந்தணு இணைந்த சுமார் 40 நிமிடங்களுக்குள், விந்தணுவைப் பற்றும் ஜூனோ என்ற புரதத்தை அந்தச் சவ்வு உதிர்த்துவிடுகிறது. காவல் இரண்டு அடுக்காக இருப்பது முதல் அடுக்கின் தேவையைக் குறைத்துவிடாது.

எலிக்குச் சரி, மனிதருக்கு? மனித முட்டையின் உறையில் இசட்பி4 என்ற நான்காவது புரதமும் உண்டு. சுண்டெலியில் அதன் மரபணு செயலிழந்து கிடக்கிறது. மனித விந்தணு சுண்டெலி முட்டையில் ஒட்டுவதில்லை. எனவே டீனின் குழு மனித உறைப் புரதங்களை ஒவ்வொன்றாகச் சுண்டெலி முட்டையில் சேர்த்துப் பார்த்தது. மனித இசட்பி2 சேர்ந்த முட்டைகளில் மட்டும் மனித விந்தணுக்கள் ஒட்டின. உறையைத் துளைத்து உள்ளேயும் போயின. ஆனால் முட்டையின் சவ்வோடு இணைய முடியாமல் இடைவெளியிலேயே தங்கிவிட்டன. இனம் பார்க்கும் வேலை உறையோடு முடிவதில்லை என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

இந்த அறிவுக்கு நடைமுறைப் பயனும் உண்டு. இசட்பி2 மரபணுவில் பிழை இருந்ததால் சோதனைக்குழாய் முறையிலும் முட்டை கருவுறாத பெண்களை மருத்துவர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். விந்தணுவை ஊசி வழியாக நேரே முட்டைக்குள் செலுத்தும் இக்சி முறை உறையின் வேலையைச் சுற்றிக்கொண்டு போவதால், காரணம் உறையில்தான் என்று தெரிந்தால் எந்தச் சிகிச்சையைத் தேர்வது என்பதும் தெளிவாகும். எதிர்த்திசையிலும் பயன் இருக்கிறது. பன்றி முட்டைகளின் உறைப் புரதத்தைத் தடுப்பூசியாகப் போட்டு, அமெரிக்காவின் அசடீக் தீவில் காட்டுக் குதிரைகளின் பெருக்கத்தைப் பல ஆண்டுகள் கட்டுப்படுத்தினார்கள். தென்னாப்பிரிக்க யானைகளிலும் இதே முறை வெற்றிகண்டது. இவ்வளவு தெரிந்த பிறகும், முட்டையை வெறுமனே காத்துக்கிடக்கும் பொருளாகவும், விந்தணுவை ஓடிவந்து வெல்லும் வீரனாகவும் வரையும் பாடங்கள் இன்னும் நம் பள்ளிகளில் இருக்கின்றன. நொதியைச் சேமித்து வைப்பது முட்டை. உரிய நொடியில் அதை வெளியே விடுவது முட்டை. தன் உறையிலேயே வெட்டு விழச் செய்து மற்றவற்றை விலக்குவதும் முட்டை. பாடநூலில் திருத்த வேண்டிய வரி அதுதான்.